கோடைப் படங்களும் காங்கேசன்துறைக் கணிப்புகளும்

2005 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். தமிழ்நாட்டில் அன்று மூன்று பெரிய படங்கள் ஒன்றாக வெளியாயின: ரஜினிகாந்தின் 'சந்திரமுகி', கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்', விஜயின் 'சச்சின்'. அதற்கு முந்திய வாரம் முழுவதும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தபடி இருந்தன. அழைத்தவர்கள் விநியோகஸ்தர்கள் அல்லர். காங்கேசன்துறையிலிருந்து என்னுடன் ஒரே ரயிலில் பாடசாலைக்குப் போன பழைய நண்பர்கள். எது ஓடும், எது படுக்கும் என்பதே பேச்சு. 2002இல் 'பாபா' விழுந்ததை வைத்து, ரஜினியின் காலம் முடிந்தது என்று இருவர் அடித்துச் சொன்னார்கள். நானும் அவர்கள் பக்கமே நின்றேன். 'சந்திரமுகி' சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களைத் தாண்டி ஓடியது.

தோற்றபிறகுதான் ஒன்று உறைத்தது. முடிவு தெரியாமல் நாங்கள் கணிப்புச் சொன்னது அதுவே முதல் தடவை.

காங்கேசன்துறையில் நாங்கள் ஆடிய ஆட்டம் வேறு. இலங்கையில் 1972க்கு முன்னர் இந்தியப் படங்களைத் தருவித்துத் திரையிட்டவை சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிடெட் போன்ற தனியார் நிறுவனங்கள். அந்த வருடம் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியதும் இறக்குமதி அதன் கைக்குப் போயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஒருபுறம், உள்நாட்டுச் சிங்களப் படங்களை வளர்க்கும் நோக்கம் மறுபுறம். தமிழ்ப் படங்கள் குறைந்தன. வந்தவையும் ஆறிப்போய் வந்தன. ஆகவே படத்தின் தலைவிதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டுவிட்ட பிறகே எங்கள் பந்தயம் தொடங்கும். அங்கே ஓடியது இங்கேயும் ஓடுமா? அதுதான் கேள்வி.

விடை தெரிந்த கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அதிலும் அடிக்கடி பிழைத்தோம். பாடல்கள் இலங்கை வானொலியில் முன்கூட்டியே வந்துவிடும். ஆனந்த விகடன் கிடைத்தால் அது போட்ட புள்ளியைப் பார்ப்போம் ('16 வயதினிலே' பெற்ற 62.5 எங்களுக்கு மனப்பாடம்). இவற்றையெல்லாம்விட நம்பகமான அளவுகோல் ஒன்றை வைத்திருந்தான் எங்களில் ஒருவன். அவனுடைய தந்தை, 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "சம்பளக் கிழமையிலை வாற படம் தப்பும் மச்சான், மாதக் கடைசியிலை வாறது சாகும்" என்பான். நடிகரையோ கதையையோ அவன் கேட்டதேயில்லை. எங்களுள் அதிகம் வென்றவனும் அவன்தான்.

வின்சர், றீகல், மனோகரா, ஸ்ரீதர், ராணி என்று யாழ்ப்பாண நகரத் திரையரங்குகளை நோக்கித்தான் எங்கள் கணக்கெல்லாம். ரயிலில் மாவிட்டபுரம் தாண்டும்போது ஆரம்பிக்கும் வாக்குவாதம் கொக்குவிலிலும் முடிந்திராது. 1980 மே 2இல் தமிழ்நாட்டில் வெளியான 'ஒரு தலை ராகம்' பற்றி நடந்த சண்டை நன்றாக நினைவிருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படம். அங்கேயே முதற்சில நாள்கள் ஆளில்லாமல் கிடந்து பிறகு எழும்பியது. "உது இஞ்சை ஓடாது" என்றார்கள் பெரியவர்கள். நாங்கள் ஓடும் என்றோம். காரணம் எளியது: அந்தப் படத்துப் பிள்ளைகளும் எங்களைப் போலவே ரயிலில் படிக்கப் போனார்கள்.

பெரியவர்களின் அவநம்பிக்கைக்கும் நியாயம் இருந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்திலேயே 'பொன்மணி'யை எடுத்தார். எங்கள் மண், எங்கள் சாதிச் சிக்கல், எங்கள் பேச்சு. ஓடாமல் இருக்குமா என்று என் மூத்த அண்ணன் ஐந்து ரூபாய் கட்டினார், தோற்றார். முந்திய வருடம் வந்த 'கோமாளிகள்', வானொலி நாடகத்தின் சிரிப்பை அப்படியே திரைக்குக் கொண்டுவந்து வென்றிருந்தது. நம்மவர் எடுத்த படம் என்பதற்காக நம்மவர் காசு கொடுப்பதில்லை என்பதை அண்ணன் அன்று ஒத்துக்கொண்டார். இன்று 'பொன்மணி'யைத் திரைப்பட விழாக்களில் போற்றுகிறார்கள். ஐந்து ரூபாய் திரும்பவில்லை.

1983 ஜூலையில் திரைப்பட அதிபர் கே. குணரத்தினத்தின் ஹெந்தல விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. பின்னர் வீடியோ வந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த கசெற்றுகள் கூட்டுத்தாபனத்தைக் கேட்டு வரவில்லை. யாரோ ஒருவரின் முற்றத்தில் ஒரே இரவில் மூன்று படம். ஐம்பது நாள், நூறு நாள் என்ற எண்ணிக்கைக்கே அர்த்தம் போய்விட்டது. ஆனாலும் பந்தயம் நிற்கவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு ஒரு சில நாள்களில் காலியானது. ரயிலும் நின்றது, தொழிற்சாலையும் நின்றது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். பின்னர் அந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகிப் பல வருடங்கள் மூடிக் கிடந்தது. அந்தச் சித்திரையில் நாங்கள் கட்டிய பந்தயம் ஒன்று தீராமலே போயிற்று. பணம் தேநீர்க் கடைக்காரரிடம் இருந்தது.

2015 ஜனவரி 2ஆம் திகதி ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் போய் இறங்கியதும், சம்பளக் கிழமைக் கணிப்பாளனுக்கு ரொறன்ரோவுக்கு அழைத்தேன். அங்கே நடுச்சாமம்.

"தேத்தண்ணிக் கடை நிக்குதோ?" என்றான்.

பற்றைதான் நிற்கிறது என்றேன்.

"அந்தக் காசிலை முப்பது ரூபா என்ரை," என்றான்.