சமுதாயக் கல்லூரிகளில் தொழிற்பயிற்சியும் கணிதமும்

சமுதாயக் கல்லூரி என்பது, உயர்நிலைப் பள்ளிக்கும் சர்வகலாசாலைக்கும் இடைப்பட்டு நின்று, இரண்டாண்டுப் பட்டங்களையும் அவற்றினும் குறுகிய சான்றிதழ்ப் படிப்புகளையும், பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்து மக்களுக்கே, குறைந்த கட்டணத்தில் அளித்து வரும் அமெரிக்கக் கல்வி ஸ்தாபனமாகும். அந்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் இன்று ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. லேத் வேலை, வெல்டிங், மின்சார வேலை, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, குழாய் வேலை முதலிய தொழில்களைக் கற்பிக்கும் பொறுப்பில் கணிசமான பங்கை இவை ஏற்றிருப்பதால், கணித வகுப்பும் பட்டறையும் இங்கே ஒரே வளாகத்தில் அமைந்து, சில சமயம் ஒன்றையொன்று தாங்கியும், சில சமயம் ஒன்றுக்கொன்று தடையாகியும் வந்திருக்கின்றன.

இன்றளவும் நடந்து வரும் பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரிகளுள் மிகப் பழையது, இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு தோன்றியது. சிகாகோ சர்வகலாசாலைத் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியை நிர்வகித்து வந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும் கலந்து வகுத்த அந்தத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர் 6 பேர். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவை சர்வகலாசாலையின் முதலிரண்டாண்டுப் பாடங்களே. கைத்தொழில் பின்னரே வந்து சேர்ந்தது. 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பொருளுதவியைத் திறந்துவிட்டதும், 1944-இல் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் படையிலிருந்து திரும்பியோர்க்குக் கல்விச் செலவை அளித்ததும், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் கமிஷன் 1947-இல் ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரையே நாடெங்கும் வழக்கிற்குக் கொண்டுவந்ததும் இவ்வளர்ச்சியின் படிகள். நெசவாலைகளும் மரச்சாமான் தொழிற்சாலைகளும் மலிந்த வட கரோலினா மாகாணம் எதிர்த்திசையில் நடந்தது: அங்கே 1957-இல் தொழிற்பயிற்சி நிலையங்கள் முதலில் எழுந்தன, 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவை சமுதாயக் கல்லூரி அமைப்புடன் இணைந்தன.

இக்கல்லூரிகளின் தொழிற்பிரிவு மாணாக்கருள் பதினெட்டு வயது இளைஞரும் உண்டு. ஆலை மூடப்பட்டதால் நாற்பது வயதிற்குமேல் மீண்டும் பெஞ்சில் அமர்ந்தவரும் உண்டு. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வரும் தொழிற்பழகுநரும் உண்டு. தொழிற்பழகுநரைப் பொறுத்தவரை, 1937-இல் இயற்றப்பட்ட ஃபிட்ஜெரால்டு சட்டத்தின் கீழ் வளர்ந்த விதிகள், நேரக் கணக்கில் அமைந்த பயிற்சிக்குக் குறைந்தது 2,000 மணி நேர நேரடிப் பணியைக் கட்டாயமாக்கி, ஆண்டொன்றுக்கு 144 மணி நேரப் பாடத்தையும் பரிந்துரைக்கின்றன; அந்த 144 மணியில் கணிதத்திற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது தொழிலுக்குத் தொழில் மாறுபடும்.

பாடப்பொருளை மேலோட்டமாக நோக்குவோர்க்குத் தொழிற்கணிதம், பின்னங்கள், தசமங்கள், விகிதம், எளிய சமன்பாடு, கோணவியலின் முதற்பகுதி என, பள்ளிக் கணிதத்தின் சுருக்கம் போலத் தோன்றும். பட்டறைக்குள் சென்று பார்த்தால் அவ்வெண்ணம் நிலைப்பதில்லை. இயந்திர வேலை கற்கும் மாணவன் ஒருவனிடம், 15 பாகைச் சாய்வில் ஓர் எஃகுக் கட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கொள்வோம். அவன் கையாள்வது சைன் பார். அதன் இரு முனைகளிலும் உள்ள உருளைகளின் மையங்களுக்கு இடையே சரியாக 5 அங்குலம். ஒரு முனையைச் சமதளக் கல்லின்மேல் இருத்தி, மறுமுனையை 15 பாகையின் சைன் மதிப்பை 5-ஆல் பெருக்கி வரும் 1.2941 அங்குல உயரத்திற்குத் தூக்க வேண்டும். அவ்வுயரத்தை ஸ்லிப் கேஜ் எனப்படும் அளவுக் கட்டைகளால் கட்டுகிறான்: கடைசி இலக்கத்தைத் தீர்க்க 0.1001, அடுத்து 0.144, பிறகு 0.050, இறுதியில் 1.000. ஸ்வீடன் நாட்டுக் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896-இல் கருக்கொண்ட இக்கட்டைகள், முகம் தேய்த்து இணைத்தால் பசையின்றியே ஒட்டி நிற்கும். அவன் சோம்பலால் சைன் மதிப்பை 0.26 என்று முழுமையாக்கிக்கொண்டால், உயரம் 1.3000 ஆகி, சாய்வு 4 கலைக்கு (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சற்று மேலாகப் பிசகிவிடும். தேர்வுத் தாளில் அந்த விடைக்கு முழு மதிப்பெண்ணே கிடைத்திருக்கலாம். பரிசோதனை மேஜையில் அக்கட்டை கழிவுத் தொட்டிக்குப் போகும்.

மின்சாரப் பிரிவில் நிலை வேறு. சுவரில் குறுக்கிடும் 6 அங்குலத் தடையின்மேல் மின்கம்பிக்கான கான்ட்யூட் பைப்பை ஏற்ற வேண்டுமானால், இரு வளைவுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதை, 30 பாகைக்கு 2, 45 பாகைக்கு 1.4, 22½ பாகைக்கு 2.6 என்னும் பெருக்கெண்களைக்கொண்டு தொழிலாளி நொடியில் கணித்துவிடுகிறான்: 6-ஐ 2-ஆல் பெருக்க, 12 அங்குலம். வளைப்பான்கள் பலவற்றில் பொறிக்கப்பட்டேயிருக்கும் இவ்வெண்கள் கோசீகண்ட் மதிப்புகளே என்பதைப் பல ஆண்டு வேலை பார்த்த பிறகு வகுப்பில் கேட்டு வியப்பவர் பலர். வளைவினால் குழாயின் நீளம் குறுகுவதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. 30 பாகையில், உயரும் ஓர் அங்குலத்திற்குக் கால் அங்குலம் என்று கொண்டால், 6 அங்குல உயரத்திற்கு 1½ அங்குலம் வருகிறது. நுட்பமாகக் கணித்தால் 1.6. விடுபட்ட அந்தப் பத்தில் ஒரு பங்கு அங்குலத்தை எந்த மேஸ்திரியும் பொருட்படுத்தமாட்டார். அடுத்த கட்டடத்தில் லேத் முன் நிற்பவனுக்கோ அதே அளவு பிழை பெருங்குற்றம்.

இரு பட்டறைகளுக்கும் கோணவியல் ஒன்றே. எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்னும் தீர்ப்பில்தான் வேறுபாடு. அத்தீர்ப்பைப் பழக்குவதே தொழிற்கணிதத்தின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. பொதுக் கணித நூல்கள் அதனை முகவுரையோடு விட்டுவிடுகின்றன.

தொழிற்கணிதத்தைப் பட்டறையில் பழக்குவது இவ்வாறிருக்க, கல்லூரிகளில் நெடுங்காலம் நிலவிய நியதி வேறு. சேரும்போதே நுழைவுத் தரத்தேர்வு நடத்தி, குறைந்த மதிப்பெண் பெற்றோரை எண்கணிதம், அடிப்படை இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்ற படிவரிசையில் ஏற்றி, அதன்பின்னரே பட்டத்திற்குரிய கணிதத்தை அனுமதிப்பது வழக்கமாயிருந்தது. இந்த முன்னேற்பாட்டு வகுப்புகளுக்குப் பட்டத்தில் மதிப்பில்லை. கட்டணம் மட்டும் உண்டு. கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரி ஆராய்ச்சி மையத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணித முன்னேற்பாட்டிற்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அந்த வரிசையை முடித்தனர். இடையில் நின்றவருள், குழாயை அளந்து வெட்டுவதில் பிழை செய்யாதவனும், இருபடிச் சமன்பாட்டைக் கண்டு அஞ்சியவனும் ஒருவனாகவே இருந்திருக்கக் கூடும் என்று நினைக்கையில், அந்த வாயிற்படியின் நியாயம் ஐயத்திற்குரியதாகிறது. ஃபிளாரிடா மாகாணம் 2013-இல் பெரும்பான்மை மாணாக்கர்க்கு அவ்வகுப்புகளை விருப்பத்திற்கு விட்டது. கலிஃபோர்னியா 2017-இல் இயற்றிய சட்டத்தால், பள்ளிச் சான்றுகளைக் கொண்டே நேராகப் பட்டத்திற்குரிய கணிதத்தில் சேர்க்கும் வழியை வகுத்தது.

வாஷிங்டன் மாகாணம் 2004 அளவில் தொடங்கிய முறை இன்னும் பட்டறையை நெருங்கியது: தொழிலாசிரியரும் அடிப்படைக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து நின்று, வெல்டிங் வரைபடத்தைப் படிக்கும் வேளையிலேயே அதிலுள்ள பின்னத்தையும் விளக்குகின்றனர். இரு ஆசிரியர்க்கு ஊதியம் தரவேண்டியிருப்பதே இதன் பெருங்குறை.

தொழிற்கணிதத்தின் மதிப்பைப் பற்றிய வேறொரு வழக்கும் தீர்ந்தபாடில்லை. இரண்டாண்டுப் பயன்முறை அறிவியல் பட்டத்திற்குப் போதுமானதாகக் கருதப்படும் இப்பாடத்தை, நான்காண்டுப் பட்டம் தரும் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பின்னாளில் பொறியியல் கற்க விரும்பும் டர்னர், சைன் பாரில் தேர்ந்த பிறகும், இயற்கணிதப் படியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியவனாகிறான்.

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், மறு ஆண்டு சென்னையிலும் வேர்கொண்டது. ஆயினும் தொழிற்கணிதத்தின் உண்மையான இந்திய உறவினர் ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் பிரிவினர் படிக்கும் ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ பாடமே. அமெரிக்க மாணாக்கன் தன் முதற்பருவத்தில் ஒரு பகுதியை அங்குலத்தின் பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று, அறுபத்துநான்கில் ஒன்று ஆகிய பின்னங்களைக் கூட்டிக் கழிப்பதிலும், அவற்றைத் தசமமாக்குவதிலும் செலவிடுகிறான். மில்லிமீட்டரில் வேலை செய்யும் கிண்டி ஐ.டி.ஐ. மாணவனுக்கு அந்தப் பாரம் இல்லையாதலால், அவன் கோணவியலுக்கு விரைவிலேயே வந்துவிட முடிகிறது.