மூலப்பத்திரத்துக்குள் ஒரு குடும்பம்

வீட்டுக் கடனுக்காக வங்கியில் கொடுத்த காகிதக் கட்டில் மூலப்பத்திரத்தின் நகல் ஒன்று இருந்திருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதை வாசித்ததில்லை. வழக்கறிஞர் பார்த்துச் சரி என்றார், கடன் வந்தது, கட்டு பீரோவுக்குள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து வாசித்துப் பாருங்கள். நாம் வருவதற்கு முன் இந்த மண்ணில் பல தலைமுறை உழுது வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வம்சாவளி அதற்குள் இருக்கிறது.

கடைசிப் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கட்டுமான நிறுவனத்துக்கு விற்றவர்களின் பட்டியலே பெரிதாக இருக்கும்: அண்ணன், தம்பி, இறந்துபோன மூத்தவரின் மனைவி, அவருடைய மைனர் பிள்ளைகள். இவர்கள் அனைவரும் யாருடைய வாரிசுகள் என்று பத்திரத்தின் முகப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 1980-களில் நடந்த யு.டி.ஆர். பட்டாவுக்குப் போகலாம். அங்கிருந்து அவருடைய அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குப் போகலாம். 1975-க்குப் பிறகான வில்லங்க விவரம் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அங்கே கிடைக்காத பழையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேட வேண்டும்.

இரண்டு சொற்களைக் கவனியுங்கள். நிலம் 'பிதுரார்ஜிதம்' என்று இருந்தால் அது முன்னோர் வழி வந்தது. அதே குடும்பத்தில் இன்னொரு தலைமுறை மேலே ஏறலாம். 'சுயார்ஜிதம்' என்று இருந்தால் அவர் யாரிடமோ கிரயம் வாங்கியிருக்கிறார். பழைய குடும்பம் வேறு. இன்னொரு சிக்கல் பெயரில் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்; பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். முருகேசன் மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முருகேசன் என்று மாறி மாறி வரும்போது நூறு வருடத்து ஆட்கள் இரண்டே பேராகத் தெரிவார்கள். தகப்பனார் பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டால்தான் பிழைக்கலாம்.

பதிவுப் பத்திரங்களுக்கும் முந்திய காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, செங்கல்பட்டுப் பகுதிக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைக் கணக்கு. ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, நஞ்சை புஞ்சை எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் தச்சருக்கும் வெட்டியானுக்கும் என்ன பங்கு என்றெல்லாம் அதில் உண்டு. அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஊரின் முதல் குடும்பங்களுக்குக் காணியாட்சிக்காரர் என்று பெயர். கம்பெனிக்காரர்கள் மிராசுதார் என்றார்கள். சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818-இல் இந்த உரிமையைப் பற்றி விரிவாக எழுதினார். ஆதொண்டச் சோழன் காடு வெட்டி, வேளாளரைக் கொண்டுவந்து தொண்டைமண்டலத்தில் குடியேற்றினான் என்ற மரபுக் கதையும் அதில் வருகிறது. கதை உண்மையோ இல்லையோ, 'நாங்கள் முதலில் வந்தோம், ஆகவே எங்களுக்குப் பங்கு' என்ற வாதத்துக்கு அது நன்றாக உதவியது என்பது என் எண்ணம்.

அந்தப் பங்கு எப்படி இருந்தது என்பதுதான் நமக்குச் சுவாரசியம். சில ஊர்களில் 'அறுதிக்கரை': அவரவர் வயல் அவரவருக்கு நிரந்தரம். சில ஊர்களில் 'பசுங்கரை': உங்களுக்கு ஊரில் இத்தனை பங்கு உண்டு, ஆனால் இந்த வயல்தான் உங்களுடையது என்று கிடையாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களை மாற்றிப் பங்கிட்டுக்கொள்வார்கள். நம் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' இத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறதே, அதற்கு இது தூரத்து உறவு. எந்த மூலை உங்களுடையது என்று உங்களாலும் காட்ட முடியாது.

வம்சாவளியை வரைந்து முடித்ததும் பாருங்கள், படத்தில் எல்லாரும் ஆண்களாக இருப்பார்கள். மகள்கள் கல்யாணமாகிப் போனதோடு காணாமல் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்பட்டு, அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அதன் பிறகுதான் பத்திரங்களில் அவர்கள் பெயர் அதிகம் வருகிறது. அப்போதும் பல இடங்களில் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தில்தான் அந்தப் பெயர் முதலும் கடைசியுமாக வரும். அவர் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்பதும் அதில் இருக்கும். அத்தைமார் வழியைத் தேட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. காணியாட்சிக்காரர் நிலத்தில் சேற்றில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரியில் இருந்த படியாட்கள். நெல்லை அளந்து கூலியாக வாங்கிய அவர்களுக்குப் பங்கும் இல்லை, பத்திரமும் இல்லை. அவர்கள் குடும்பமும் இதே ஊரில் அத்தனை தலைமுறை இருந்ததுதான். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் அவர்கள் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டால்கூட மிராசுதார்கள் மறித்தார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான குற்றச்சாட்டு. 1892-இல் அரசு அவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் சொல்வது அதைத்தான். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியும் எவ்வளவோ கைமாறிவிட்டது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் நம் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன குறித்திருக்கிறது என்று பார்ப்பது வெறும் வரலாற்று ஆசைக்காக மட்டும் அல்ல. வீடு வாங்கிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

பத்திரமே இல்லாதவர்களைப் பத்திரத்தில் தேட ஒரு வழி உண்டு: நான்கெல்லை விவரம். 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு வடக்கு' என்று எழுதும்போது பக்கத்துக்காரர் பெயர் வந்துதான் ஆக வேண்டும். சேரியை ஒட்டிய வயலின் பத்திரமாக இருந்தால் அந்தப் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களின் அடியில் சாட்சிகளின் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கும். அவர்களில் பலரும் அதே ஊர்க்காரர்கள்.

காகிதம் நின்ற இடத்தில் ஆட்களைக் கேட்க வேண்டும். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980-இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எந்த வயல் யாருடைய கொள்ளுத்தாத்தாவுடையது என்று வாய்ப்பாடாகச் சொன்ன தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நிலத்தை விற்ற குடும்பங்கள் கலைந்துவிட்டன. ஆனால் குலதெய்வத்தை யாரும் விற்கவில்லை. ஆடி மாதம் ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் ஞாயிறன்று வெளியூரிலிருக்கும் பங்காளிகளும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களும் பிள்ளைகளோடு வருவார்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். முதல் மரியாதை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பறையடிக்க வந்தவரிடமும் அவர் தாத்தா பெயரைக் கேளுங்கள்.