இன்னொரு ஜானகி அம்மாள்

சிவகாசிப் பக்கம் ஜானகி அம்மாள் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரிதான். அதே பெயரில் இன்னொரு அம்மையார் இருந்தார். அவரைப் பற்றி எழுத வைத்தது எங்கள் தெருப் பெண் ஒருத்தி.

விலங்கியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள். அப்பா பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறார். மேலே செல் உயிரியல் படிப்பதா, உடற்கூறியல் படிப்பதா, எந்த ஊரில் படிப்பது என்று குழப்பம். "தாத்தா, நீங்க பிரெஞ்செல்லாம் படிச்சவங்க, ஒரு வழி சொல்லுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், செல்லுக்கு பிரெஞ்சில் 'செல்லூல்' என்று பெயர், சிறைச்சாலை அறைக்கும் அதே சொல்தான் என்பது மட்டுமே. அவள் அப்பா வாசலில் நின்றபடியே, "ரெண்டு வருஷப் பணம் சார். நல்ல வரனும் வந்திருக்கு. இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. ராத்திரி படுத்தபோது ஜானகி அம்மாள் ஞாபகம் வந்தது.

எடவலத் கக்காட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். எங்கள் பிரெஞ்சு மாஹேக்கு அடுத்த ஊர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். சென்னையில் குயீன் மேரீஸ் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து வந்தார். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது. அதே சமயம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உதவித்தொகையும் கிடைத்தது. லீவை பார்பர் என்பவர் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே 1917இல் அங்கே ஏற்படுத்தியது அது. ஜானகி 1924இல் கப்பல் ஏறினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது செல்லியல். வேர் நுனியை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணுகிற வேலை. கண்ணும் பொறுமையும் இருந்தால்தான் நடக்கும். முதுகலை முடித்து ஊர் திரும்பிப் பாடம் நடத்தினார். மறுபடி போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதனால் என்ன பலன் என்று கேட்கலாம். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். நாட்டுக் கரும்புக்கு இனிப்பு போதாது. இனிப்பான தடிக்கரும்புக்கு நம் மண்ணில் தாக்குப்பிடிக்கும் உரம் போதாது. அதனால் தடிக்கரும்பைக் காட்டுக் கரும்போடு இனக்கலப்பு செய்து புது ரகம் எடுத்துவந்தார்கள். இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுக் கரும்பில் இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை. எது எதோடு சேரும் என்று புரிய இந்த எண்ணிக்கை வேண்டும். அம்மையார் கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நேரு அழைத்து, 1951இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கத் திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ. 1984இல் மதுரவாயலில் காலமாகும்வரை ஆராய்ச்சியை விடவில்லை.

இது நம் ஊருக்குப் புதிய கதை இல்லை. அதே 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அதனால் போனார்கள். கற்ற வித்தையோடு திரும்பினார்கள். மூன்று பேரும் ஊரின் பெயரைப் பார்த்துப் போகவில்லை. வித்தை இருக்கும் இடம் தேடிப் போனார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லி நான்கு கேள்வி எழுதிக்கொடுத்தேன். அங்கே மாணவர் கையில் நுண்ணோக்கி கொடுப்பார்களா? ஆசிரியர் இப்போது என்ன ஆராய்ச்சி செய்கிறார்? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? உதவித்தொகை உண்டா? உடற்கூறியல் என்றால் ஐந்தாவதாக ஒன்று: எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக எடுக்கும் விதி சமீப வருஷங்களில் மாறியிருக்கிறது, இன்றைய விதியைக் கேட்டுக்கொள் என்றேன்.

எனக்கும் ஒரு காலத்தில் உயிரியல் மேலே படிக்க ஆசை இருந்தது. எழுத்தர் வேலைக்கு உத்தரவு வந்தது, போய்விட்டேன். வேலை சோறு போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று யாரிடமும் எதுவும் கேட்காமலே விட்டேன். அந்த வருத்தம் மட்டும் இருக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போய்ப் பார்த்துட்டாவது வருவோம் சார்" என்றார். இந்த வாரம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அடுத்த வாரம் சென்னை தரமணியில் ஏ.எல். முதலியார் நிறுவனத்தின் உடற்கூறியல் துறை. வரன் வீட்டாரிடம் தவணை கேட்டிருக்கிறார்களாம்.