எந்த வருசத்து ஸ்ரேசன்?

போன குளிர்காலம் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் மாறிக்கொண்டு ஒரு பொழுதுபோக்குக் கண்காட்சிக்குப் போனேன். (மாறித் தந்தவனுக்காக இரண்டு வெள்ளி இரவு நான் பாத்திரம் கழுவ வேணும் என்பது ஒப்பந்தம்.) மண்டபம் நிறைய பறக்கிற பிளேன், ஒட்டுகிற கப்பல், லெகோ. ஒரு மூலையில் மாடல் ரெயில். ரெயில் பாதைக்குப் பக்கத்தில் வைக்கிற கட்டிடங்களை எப்படிச் செய்வது என்று அங்கே ஒருவர் செய்து காட்டுவார் என்று அறிந்துதான் போனது.

செய்து காட்டியவர் பாலக்காட்டுக்காரர். இந்திய ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்று, துபாயில் மகனோடு இருக்கிறார். தமிழ் நல்லாய் வரும்.

"என்ன கட்டப் போறீங்க, தம்பி?"

"ஒரு ஸ்ரேசன், ஐயா. யாழ்ப்பாணப் பக்கம்."

"எந்த வருஷம்?"

எனக்கு விளங்கவில்லை. மாடல் செய்கிறவர்கள் முதலில் இடத்தையும் காலத்தையும் முடிவு செய்வார்களாம். விளம்பரப் பலகை, விளக்குக் கம்பம், நிற்கிற சனத்தின் உடுப்பு எல்லாம் அந்த வருசத்தோடு ஒத்துப்போக வேணும். "யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு மட்டையை வெட்டத் தொடங்கிவிட்டார்.

இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1891இல் லைப்சிக் சந்தையில் ஜெர்மன்காரக் கம்பனி மார்க்லின், அளவு ஒழுங்குபடுத்திய தண்டவாளத்தோடு விளையாட்டு ரெயிலைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு வீடுகள் சிறுத்தன, ரெயிலும் சிறுத்தது. இருபதுகளில் மேசைமேல் ஓடுகிற ரெயில் வந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 16.5 மில்லிமீற்றர். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கடைகளில் அதிகம் விற்பது இந்த அகலம்தான். மற்ற நாட்டுக்காரர் இதற்கு 87இல் ஒரு பங்கு என்று மாடல் செய்ய, இங்கிலாந்துக்காரர் 76இல் ஒரு பங்கு என்று செய்தார்கள். அவர்களுடைய இஞ்சின் சின்னன், மோட்டர் உள்ளே போகவில்லை. அதனால் உடம்பைப் பெருப்பித்தார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள்.

இங்கிலாந்துக் கணக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர். எங்கட ஸ்ரேசன்களைக் கட்டினதும் அடிக்கணக்கில்தானே. நாற்பது அடிக் கட்டிடம் 16 சென்ரிமீற்றர். என் கட்டில் தலைமாட்டில் வைக்கலாம். (ஆறு பேர் படுக்கிற அறையில் எனக்கென்று இருக்கிற காணி அவ்வளவுதான்.)

ஆனால் ஒரு சிக்கல். இலங்கையின் அகலப்பாதை ஐந்தரை அடி, இந்தியா மாதிரி. ஐந்தரை அடி என்றால் 22 மில்லிமீற்றர். கடையில் இருப்பது 16.5. "நம்ம தண்டவாளம் கடையில கிடைக்காது தம்பி, கையாலதான் செய்யணும்" என்று அவரே சிரித்தார்.

அந்த ஐந்தரை அடிப் பாதை 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் திறந்தது. 1905இல் கொழும்போடு முழுதாக இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் அதற்குக் குண்டு வைத்தார்கள். 1990 ஜூனில் எல்லாம் நின்றது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. இயக்கமும் எடுத்தது, ஆமியும் எடுத்தது. இந்தியாவின் கடனில், இந்தியக் கம்பனி இர்கொன் புதிதாகப் போட்ட பாதையில் 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மறுபடி ரெயில் வந்தது. அதில் நான் இன்னும் ஏறவில்லை.

செய்முறைக்கு வருவோம். முதல் பாடம், மட்டையை ஒரே அழுத்தில் வெட்டக் கூடாது. மெதுவாக நாலைந்து தரம் கத்தியை இழுக்க வேணும். பதினெட்டு வருசம் குசினியில் நிற்கிறவனுக்கு இதைச் சொல்லவா வேணும்! இரண்டாவது, தகரக் கூரை. சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தட்டை வெட்டி, வரிவரியான ஒன்றின் மேல் வைத்துப் பென்சில் முனையால் தேய்த்தால் அசல் தகரம். எங்கள் குசினியில் அந்தத் தட்டு மலைபோல் கிடக்கிறது. மூன்றாவது, பழசாக்குவது. மையைப் பிளேன்ரீ மாதிரித் தண்ணியாக்கிப் பூசினால் சுவரின் வெடிப்புகளில் போய்த் தங்கும். ஐம்பது வருச மழை ஐந்து நிமிசத்தில் பெய்துவிடும்.

நாலாவது பாடம்தான் என்னைப் பிடித்தது. வரைபடம் இல்லாத கட்டிடத்தை எப்படி அளப்பது? படம் இருந்தால் கதவைத் தேடு, செங்கல் வரிசையை எண்ணு, பக்கத்தில் நிற்கிற ஆளின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடு.

ரோய் இங்லண்ட் என்று ஒருவர் இருந்தார். அவுஸ்திரேலியாக்காரர். 1925இல் இங்கிலாந்துக்கு வந்து, ஒரு பள்ளத்தாக்கில் பழைய வைக்கோல் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறி மறைவதைப் பார்த்தார். அதே 76இல் ஒரு பங்கில் அந்த வீடுகளைச் செய்து வைக்கத் தொடங்கினார். 1954இல் லோங் விற்றன்ஹம் என்ற கிராமத்தில் அது பென்டன் மியூசியமாகியது. வந்தேறி ஒருத்தன், உள்ளூர்க்காரர் கவனிக்காமல் விட்டதைக் காப்பாற்றினான்.

இந்தப் பக்கத்தையே பாருங்கோ. துருக்கிச் சுல்தான் டமாஸ்கஸில் இருந்து போட்ட ஹெஜாஸ் ரெயில் 1908இல் மதினாவுக்கு வந்தது. முதலாம் உலக யுத்தத்தில் அதையும் குண்டு வைத்துத்தான் உடைத்தார்கள். அந்த மதினா ஸ்ரேசன் இன்றைக்கு மியூசியம். எங்கட சின்ன ஸ்ரேசன்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லை.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. தென்மராட்சியில் பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் நிரம்பி, நாங்கள் ஒரு ஸ்ரேசனில் ஒதுங்கினோம். பாதிக் கூரை இல்லை. ரிக்கற் கொடுக்கிற ஓட்டைக்குக் கீழே அம்மா அடுப்பு மூட்டினா. எழும்பி நின்றால் அம்மாவின் நெற்றி அந்த ஓட்டையின் மேல்விளிம்புக்கு வரும். பிளாட்போமில் இருந்தால் என் கால் நிலத்தில் முட்டாது. அந்த இடத்தில் ஐந்து மாதம் இருந்தோம். அங்கேதான் ஓ.எல். புத்தகம் படித்தேன்.

அதற்குப் பிறகு கம்பஸ் போனதும், 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டினதும், படிப்பை அரைவாசியில் விட்டுக் கப்பலேறினதும் வேறு கதை. 2007இல் துபாயில் இறங்கினேன். ரெயில் நின்ற ஊரில் இருந்து ரெயிலே இல்லாத நாட்டுக்கு வந்தேன். மெற்றோ 2009 செப்ரெம்பரில்தான் வந்தது. வளைகுடா அரசுகள் எதுவும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்கவில்லை. அதனால் விசாவில் நான் சமையல்காரன். அகதி என்பது எனக்கு மட்டும் தெரிந்த உத்தியோகம்.

அம்மா ஐந்தடி இரண்டங்குலம். நெற்றி நாலடி பத்தங்குலம் என்று வையுங்கோ. 4ஆல் பெருக்கினால் 19 மில்லிமீற்றர் சொச்சம். முதலாவது அளவு கிடைத்துவிட்டது.

போகும்போது அவரிடம் திரும்பிப் போனேன்.

"ஐயா, 1995. நவம்பர்."

"அப்ப ரயில் ஓடிச்சா?"

"இல்லை. தண்டவாளமும் இல்லை, கட்டையும் இல்லை. சல்லி மட்டும்தான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப 22 மில்லிமீட்டர் செய்யிற வேலை மிச்சம்" என்று சொல்லி, ஒரு சின்னப் பையில் சாம்பல் நிறச் சல்லி போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை.

சுவர் இரண்டு முடிந்துவிட்டது. கூரைத் தகரம் தயார். ரிக்கற் ஓட்டை கம்பி வைத்ததா, மரச் சட்டம் வைத்ததா என்பதுதான் ஞாபகம் வரவில்லை. அம்மாவிடம் கேட்க வழியில்லை, அவ போய் நாலு வருசம். அந்த நாட்களில் தென்மராட்சி ஸ்ரேசன்களில் இருந்த ஆராவது இதை வாசித்தால், தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கோ.