படக்கதை இதழ்களில் தலைமைக்கதையும் துணைக்கதையும்: ஒரு பெயராக்க நோக்கு

தமிழ் மொழிபெயர்ப்பு வரலாறு பெரும்பாலும் சமயநூல், நாடகம், புதினம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. படக்கதை இதழ்கள் அதில் உரிய இடம் பெறவில்லை. எனினும், பெயராக்கச் சிக்கலை ஆராய்வதற்கு அவை செறிவான தரவுகளைத் தருகின்றன.

தலைமைக்கதை

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தோன்றிய 'ஸ்டீல் கிளா' என்பதே இதன் மூலம். 'எஃகு', 'கூருகிர்' என்னும் நேர்ப்பொருள்கள் தவிர்க்கப்பட்டு, 'இரும்புக்கை' என்னும் எளிய தொகை அமைந்தது. மூலத்தில் இல்லாத 'மாயாவி' சேர்க்கப்பட்டது. மின்னதிர்ச்சி பெற்றதும் கை தவிர உடல் முழுதும் மறைவது இப்பாத்திரத்தின் இயல்பு. மூலப்பெயர் உறுப்பை மட்டும் சுட்ட, தமிழ்ப்பெயர் உறுப்பையும் ஆற்றலையும் ஒருங்கே சுட்டுகிறது.

1984இல் தோன்றிய ராணி காமிக்ஸ் பின்னர் 'ஃபேண்டம்' என்னும் முகமூடி வீரனுக்கும் 'மாயாவி' என்றே பெயரிட்டது. அவ்வீரனுக்கு மறையும் ஆற்றல் இல்லை. சிவகாசி இதழ்களில் அவன் 'வேதாளர்'. ஆகவே 'மாயாவி' என்னும் சொல்லை மட்டும் கொண்டு பாத்திரத்தை அடையாளங்காண இயலாது. இதழையும் உடன் நோக்குதல் வேண்டும்.

அதே 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், 'ஸ்பைடர்' என்னும் பெயரை ஒலிபெயர்ப்பாகவே கொண்டது. ஆயின் கதைத்தலைப்போ 'எத்தனுக்கு எத்தன்' எனத் தமிழ் வழக்கில் அமைந்தது.

துணைக்கதை

இதழின் எஞ்சிய பக்கங்களை நிரப்பிய நகைச்சுவைத் துணுக்குகளில் நிலை வேறு. 'விச்சு', 'கிச்சு' என்பன விசுவநாதன், கிருஷ்ணமூர்த்தி முதலிய பெயர்களின் வீட்டு வழக்குக் குறுக்கங்களை ஒத்தவை. இரட்டித்த வல்லினமும் ஈற்று உகரமும் அவற்றின் அமைப்பு. 'குண்டன் பில்லி' தமிழ் அடையும் அயற்பெயரும் கலந்தது. நெடுங்கதை நாயகனை அறிமுகப்படுத்த இடமுண்டு. ஒரு பக்கத் துணுக்கிலோ பெயர் உடனே நெருக்கம் தருதல் வேண்டும். படத்திலுள்ள உடையும் வீடும் அயல்நாட்டனவாகவே எஞ்சுதலின், பெயரும் உரையாடலுமே மொழிபெயர்ப்பாளரின் உரிமைக் களமாயின.

முடிவுரை

அட்டை பெரும்பாலும் தலைமைக்கதையையே சுட்டுகிறது. அட்டையை மட்டும் கண்டு அடைவு தொகுத்தால் துணைக்கதைகள் பதிவுபெறாமல் மறையும்; அவற்றோடு தமிழ்ப்படுத்தலின் துணிவான சோதனைகளும் மறையும். இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் கன்னடத்திலும் வெளிவந்தமையால், கோலார் தங்கவயல் போன்ற இருமொழிச் சூழல்களை நோக்கிய ஒப்பாய்வுக்கும் இடமுண்டு. பக்கந்தோறும் அடைவு செய்தலே அதற்கு முதற்பணியாகும்.