தலமரமும் கோயிற்காடும்: தில்லைவனத்தை முன்வைத்து

பண்டைத் தமிழரிடையே மரம் இறையுறைவிடமாகவும் அரசின் சின்னமாகவும் விளங்கியது. கடம்பு முருகனுக்கும் ஆல் சிவனுக்கும் உரியனவாகச் சங்கப் பாடல்களில் இடம்பெறுகின்றன. பழையனின் காவல்மரமாகிய வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்து பதிவு செய்துள்ளது. காவல்மரம் வீழ்தல் அம்மன்னனின் தோல்வியாகவே கருதப்பட்டது.

பக்தி இயக்கம் இம்மரபைத் தலத்தோடு பிணைத்தது. ஆலங்காடு, மறைக்காடு, ஆனைக்கா எனத் தேவாரம் பாடும் ஊர்ப்பெயர்கள் காட்டையும் காவையும் இன்றும் நினைவூட்டுகின்றன. ஆனைக்காவில் வெண்ணாவல் தலமரமாயிற்று. கற்றளிகள் எழுந்து ஊர்கள் விரிந்தபோது, காடு முழுமைக்கும் உரியதாயிருந்த தெய்வத்தன்மை மதிலுக்குள் நின்ற ஒரு மரத்தின்பால் குவிந்தது எனக் கொள்ள இடமுண்டு.

இதற்குத் தில்லை தக்க சான்றாகும். வியாக்கிரபாதர் தில்லைவனத்தில் இறைவனை வழிபட்ட வரலாற்றை உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணம் விரித்துரைக்கிறது. தில்லை, கழிமுக உவர்ச்சேற்றில் தழைக்கும் மரம். அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வையைக் கெடுக்கும். சோழர் காலத்தில் பொன்வேய்ந்த அம்பலமும் நெடுமதில்களும் பெற்ற சிதம்பரத்தில் அம்மரக்காடு இன்று இல்லை. ஊருக்குக் கிழக்கே, பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளில்தான் தில்லை இயல்பாக வளர்கிறது. அக்காடு 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தலத்திற்குப் பெயரளித்த மரத்தை இன்று காப்பது ஆலய மரபன்று, அரசின் சட்டமே.

கோயிற்காடுகளின் நிலை வேறு. புதுச்சேரிக்கு அணித்தான கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த உலர் பசுமைமாறாக் காடு, தெய்வத்தின் உடைமை என்னும் நம்பிக்கையால் எஞ்சியுள்ளது. இது தமிழகத்திற்கு மட்டும் உரிய மரபன்று. தில்லிக்குத் தெற்கே, அரியானாவின் ஆரவல்லிக் குன்றுகளில் மாங்கர் சிற்றூரை ஒட்டியுள்ள காட்டில் மரம் வெட்டுவோரையும் கால்நடை மேய்ப்போரையும் குதரியா பாபா ஒறுப்பார் எனக் குர்ஜர் மக்கள் நம்புகின்றனர். தலைநகரின் நெருக்கத்திலும் அங்குத் தவ் மரங்கள் செறிந்து நிற்கின்றன. இவ்விரு இடங்களிலும் விலக்கு தனி மரத்திற்கன்றிக் காட்டின் எல்லை முழுமைக்கும் உரியது.

எனவே, புனிதம் என்னும் கருத்து மட்டுமே மரங்களைக் காத்தது எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. புனிதத்தின் எல்லை எதுவரை வகுக்கப்பட்டதோ அதுவரையே அது காவலாயிற்று. தலமரங்களை மீட்டெடுக்கும் முயற்சிகள், பிரகாரத்தில் ஒரு கன்று நடுவதோடு அமையாது, அம்மரம் பிறந்த நிலத்தையும் கருதுதல் வேண்டும். தில்லையின் வரலாறு உணர்த்துவது இதுவே.