சீட்டு விளையாட்டும் அண்ணனின் பிடிவாதமும்

பெரியண்ணனுக்கு உதறுவாதம் வந்தபின் கை நடுங்கியதை வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம். பிடிவாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பால் பூத் தெருக்கோடிக்கு மாறி நாலு மாதமாகியும், பழைய இடத்தில் போய் நின்றுவிட்டு வெறும் பையோடு திரும்புவார். "எத்தனை தடவை சொல்றதுண்ணா?" என்று கத்தியிருக்கிறேன். பதில் பேசமாட்டார். மறுநாளும் அங்கேதான் போவார்.

அவர் காலமான பிறகுதான் இதன் சரித்திரத்தைப் படித்தேன்.

1963-இல் கனடாவின் மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் ஒரு சோதனையை வெளியிட்டார். வலிப்பு நோய்க்காக நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் அறுவை செய்துகொண்டவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். எதை வைத்துப் பிரிப்பது என்று சொல்லமாட்டார்; சரி, தவறு என்று மட்டும் சொல்வார். நிறத்தை வைத்துப் பிரித்தால் சரி. தொடர்ந்து பத்துமுறை சரியானதும் சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார். மற்றவர்கள் இரண்டு மூன்று தவறில் பிடித்துக்கொள்வார்கள். இவர்களில் பலர் "தவறு, தவறு" என்று கேட்டுக்கொண்டே நிறத்தையே தொடர்ந்தார்கள். படித்தபோது பால் பூத்தான் கண்முன் வந்தது.

ஆனால் அண்ணன் மூளையை யாரும் அறுக்கவில்லையே? அதற்கு விடை ரசாயனத்தில் இருந்தது. ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த அதே ரத்த அழுத்த மருந்துதான். முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்தன. உடலுக்குள் டோபமைனாக மாறும் பொருள் அது. உதறுவாத மாத்திரைக்கு வழி திறந்தது அங்கேதான். கார்ல்சனுக்கு நோபல் கிடைக்க 2000 வரை ஆயிற்று!

1979-இல் அமெரிக்காவில் பிரசாஸ்கி, பட்ரீசியா கோல்ட்மன் முதலானோர் குரங்குகளின் முன்மூளையில் டோபமைனை மட்டும் குறைத்தார்கள். ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தீனி எடுக்க வேண்டும். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததற்குக் கிட்டத்தட்ட நிகராகக் குரங்குகள் தடுமாறின. எல்-டோபா கொடுத்ததும் தேறின. சதை இருந்தும் சாறு இல்லை என்றால் அதே கதிதான்.

டோபமைன் மட்டுமல்ல. 2004-இல் கேம்பிரிட்ஜில் மார்மொசெட் குரங்குகளுக்கு செரட்டோனினைக் குறைத்தபோது, பரிசு வேறு படத்துக்கு மாறியபின்னும் பழைய படத்தையே தொட்டுக்கொண்டிருந்தன.

குரங்குக்குக் கண்டதை அப்படியே அண்ணன்மேல் ஏற்றுவது முறையல்ல, தெரியும். ஆனால் உதறுவாதக்காரர்களுக்குப் புது விதிக்கு மாறுவது சிரமம் என்பதும் பலமுறை பதிவான விஷயம்தான்.

போன மாதம் அண்ணியிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்போ அவர் வேணும்னு பண்ணலையா?"

"இல்லை அண்ணி."

சற்று நேரம் கழித்து இன்னொரு முறையும் அதையே கேட்டார்.